அக்குளில் வைத்த சீசா

2003 மே 20, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வருவதற்குள் வாளிகளைக் கழுவி வரிசையாக வைத்தேன். பெரியது முதலில், சிறியது கடைசியில். ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஜன்னல் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து டைரியில் குறித்தேன்: முப்பத்தொன்று, மேகம் இல்லை, காற்று இல்லை. கணவர் காபியைக் குடித்துவிட்டுப் பேப்பரை விரித்தார். நான் தயிர்சாதம் பிசைந்து அகல வாய் ஃப்ளாஸ்க்கில் அடைத்தேன். மே மாதத்துக் கல்கத்தாவில் டப்பாவில் கொண்டுபோனால் மதியத்துக்குள் புளித்துவிடும். லேக் மார்க்கெட்டில் வாங்கிய மாவடு இரண்டை மேலே வைத்து மூடினேன். எட்டே கால் மினிபஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

வழக்கத்துக்கு மாறாக அன்று ஒன்றே ஒன்று இருந்தது. மறுநாள் பதினோரு மணிக்கு நான் என் ஐந்து வருட ஆராய்ச்சியைக் கல்லூரியில், துறையின் முன்னால் எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய மாலைக்குள், அதாவது அன்று மாலைக்குள், ஒரு சின்ன சீசாவில் இருக்கும் திரவம் சரியான சூட்டில் உறைந்து காட்ட வேண்டும். உறையாவிட்டால் வெற்றிலை எண்ணெயை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவதென்று என் கைடிடம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

கைடு என்னைவிட எட்டு வயது இளையவர். அதே மருந்தியல் துறையில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். ஆனால் அவரிடம் டாக்டர் பட்டம் இருந்தது, என்னிடம் இல்லை. நாற்பத்தொரு வயதில் நான் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தபோது அவர்தான் கையெழுத்துப் போட்டார். அதுவரை என்னை 'திதி', அக்கா, என்று கூப்பிட்டவர் அதன் பிறகும் அப்படியே கூப்பிட்டார். நான் மட்டும் 'சார்' என்று மாற்றிக்கொண்டேன். "திதி, இந்தப் பக்கம் சரியில்லை, திரும்ப எழுதுங்க" என்பார். "சரி சார்" என்பேன். கேட்கிறவர்களுக்கு யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று விளங்காது.

ஆராய்ச்சி பெண்களுக்கு வரும் பூஞ்சைத் தொற்றுக்கான மருந்தைப் பற்றியது. அந்தத் தொல்லை எனக்குப் புத்தகம் மூலம் அறிமுகமானதல்ல. 1993 மழைக்காலம். முழங்கால் தண்ணீரில் நடந்து, ஈரப் புடவையோடு வகுப்பெடுத்து, ஈரப் புடவையோடு திரும்பிய நாட்கள். அந்த ஆகஸ்ட் முழுவதும் எரிச்சலும் அரிப்புமாக, பல்லைக் கடித்துக்கொண்டு கரும்பலகை முன்னால் நின்றேன். டாக்டர் ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தார். அலிப்பூரில் ஒரு மருந்துக்கடையில் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் அதைப் படித்துவிட்டு உள்ளே பார்த்து, "அந்த லேடீஸ் க்ரீமை எடு!" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். கோர்ட்டிலிருந்து வந்த கறுப்புக் கோட்டுகள் நான்கு திரும்பிப் பார்த்தன. க்ரீமைச் செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் இன்னொரு செய்தித்தாள் சுற்றிக் கொடுத்தார், இனிமேல் ரகசியம் காப்பவர் போல.

மருந்து நல்ல மருந்துதான். ஆனால் நிற்காது. போட்டுக்கொண்டு எழுந்து நாலடி நடந்தால் வெளியே வந்துவிடும். படுத்தே இருக்கிற பெண்களுக்கென்று யாரோ செய்த மருந்து. நான் பஸ் ஏற வேண்டும், வகுப்பெடுக்க வேண்டும். அது நின்றால் போதுமே என்று நினைத்த அந்த நினைப்பு எனக்குள் ஐந்து வருடம் சும்மா கிடந்தது.

1998-இல் நூலகத்தில் ஒரு பத்திரிகையைப் புரட்டியபோது ஒரு பாலிமரைப் பற்றிப் படித்தேன். தேங்காயெண்ணெய்க்கு நேர் எதிர் குணம் கொண்டது அது. தேங்காயெண்ணெய் குளிரில் உறையும், சூட்டில் உருகும். இதைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்தால் தண்ணீராகவே இருக்கும். சூடுபட்டால் ஜெல்லாக உறையும். மறுபடி குளிர வைத்தால் மறுபடி தண்ணீர். சரியான அளவில் கரைத்தால் உடம்புச் சூட்டிலேயே உறையும். ஊற்றும்போது தண்ணீர், உள்ளே போனதும் ஜெல். அங்கேயே நிற்கும். அன்று நூலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த வழி எனக்கு நினைவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன் என்று மட்டும் டைரியில் இருக்கிறது.

உள்ளே வைக்க மருந்து? அதற்கு வெற்றிலை. அதன் எண்ணெய் பூஞ்சையை அடக்கும் என்று எங்கள் துறையில் பேச்சு உண்டு. அதோடு, மேதினிப்பூரிலிருந்து கூடை கூடையாக வெற்றிலை ஹவுரா பாலத்தடிக்கு வருகிறது. பஸ்ஸும் படகும் பிடித்துப் போய் வாங்கிவரக்கூடிய தூரத்தில் மூலப்பொருள் இருக்கிற ஆராய்ச்சி எல்லோருக்கும் வாய்க்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் படகில் ஹுக்ளி ஆற்றைக் கடந்து போய், கட்டுக்கட்டாக வாங்கி வருவேன். வீட்டில் கிண்டலுக்குக் குறைவில்லை.

"வெத்தலைக் கட்டோட காலேஜுக்குப் போற ஒரே டீச்சர் நீதான்" என்பார் பேங்க் உத்தியோகத்திலிருக்கும் என் கணவர். "எந்த வீட்டுல நிச்சயதார்த்தம்னு பஸ்ஸுல கேக்கலையா?"

"கேட்டாங்க. உங்களுக்கு ரெண்டாவது பாக்கறேன்னு சொல்லிட்டேன்."

"பொண்ணு பேங்க்ல வேலை பாக்கறவளா இருந்தா சொல்லு. டிரான்ஸ்பர் சேர்ந்து வாங்கலாம்."

இலையை நறுக்கி நீராவியில் வடித்தால் ஒரு கூடைக்குச் சில துளி எண்ணெய் வரும். கிராம்பும் வெற்றிலையும் கலந்த வாசனை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முகர்ந்துவிட்டு, நான் பான் போடுகிறவள் என்று முடிவு கட்டி வாயைப் பார்ப்பார்கள். கண்ணாடித் தட்டில் பூஞ்சையை வளர்த்து நடுவில் அந்த எண்ணெயை வைத்தோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தட்டு முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருந்த பூஞ்சை, எண்ணெயைச் சுற்றி மட்டும் வட்டமாக ஒன்றும் முளைக்காமல் விலகி நின்றது. ஸ்கேலை வைத்து அளந்தேன். நம்பிக்கை வராமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தேன். எரிச்சல் தராத அளவு எது என்று என் முழங்கையின் உட்புறத்தில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு குளிர்காலம் ஆனது.

சிக்கல் எண்ணெயையும் ஜெல்லையும் சேர்த்தபோதுதான் வந்தது. எண்ணெய் சேர்ந்ததும் பாலிமர் அவசரக்காரனாகிவிட்டது. உடம்புச் சூடு வரைக்கும் காத்திருக்காமல் இருபத்தெட்டு டிகிரியிலேயே உறைந்தது. புத்தகங்களில் 'அறை வெப்பநிலை' என்றால் இருபத்தைந்து. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் எங்களைப் போலக் கார்டன் ரீச்சில் குடியிருந்ததில்லை. என் சுவரில் இருக்கும் தெர்மாமீட்டர் மார்ச் மாதம் இருபத்தைந்தைத் தாண்டினால் தீபாவளி வரைக்கும் இறங்காது.

"அதனாலென்ன திதி?" என்றார் கைடு. "ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லிவிடலாம். குளிர்ச்சியாக எடுத்து, குளிர்ச்சியாக ஊற்றினால் உள்ளே போய் உறையும். தாராளமாகப் போதும்."

அதுவும் சரியாகத்தான் பட்டது. பயன்படுத்துகிறவர்கள் கையில் எப்படி இருக்கிறதென்று பார்க்க, ஏப்ரலில் ஐந்து பெண்களிடம் ஆளுக்கு ஒரு சீசா கொடுத்தேன். அதில் மருந்து கிடையாது. அதே இருபத்தெட்டில் உறையும்படி செய்த வெறும் ஜெல். நிஜ மருந்தை எப்படி வைத்திருப்பீர்களோ அப்படியே வைத்திருங்கள், எடுக்கும் நேரத்தில் எடுங்கள், ஆனால் மணிக்கட்டில் மட்டும் தடவிப் பாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். நான்கு பேர் கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள். ஐந்தாவது, எங்கள் எதிர் வீட்டு பௌதி. பௌதி என்றால் அண்ணி. அந்த மாடியில் எல்லோருக்கும் அவர் பௌதிதான். ஐம்பத்தைந்து வயது, சர்க்கரை வியாதி, அதனால் இந்தத் தொற்று அவருக்கு வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வரும். அதை வெட்கமில்லாமல் வாய்விட்டுச் சொன்ன முதல் பெண் எனக்குத் தெரிந்து அவர்தான்.

ஒரு வாரம் கழித்து ஐந்து சீசாக்களும் திரும்பி வந்தன. ஐந்தும் ஒரே குறையோடு வந்தன: உள்ளேயே உறைந்து போய்விட்டது, வெளியே வரவில்லை.

"ஃப்ரிட்ஜில் வைத்திருக்க மாட்டார்கள்" என்றார் கைடு. "சீட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள்."

நான் பௌதியிடம் போய்க் கேட்டேன். கோபித்துக்கொண்டார்.

"ஃப்ரிட்ஜ்லதான் வெச்சிருந்தேன். முட்டை வைக்கற இடத்துல. முட்டையை எடுத்துட்டு உன் சீசாவை வெச்சேன்."

"அப்புறம் எப்படி உறைஞ்சுது பௌதி?"

"எனக்கென்ன தெரியும்? போடறதுக்கு முன்னாடி எடுத்து, கொஞ்ச நேரம் வெந்நீர்க் கிண்ணத்துல நிக்க வெச்சேன்."

"வெந்நீர்லயா? ஏன்?"

பௌதி என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஐஸ் மாதிரி இருக்கற சாமானை யாராவது அங்க போட்டுப்பாங்களா? டாண்டா லேகே ஜாபே!"

குளிர் பிடித்துவிடும். வங்காளிகளுக்கு மத்தியில் வாழ்ந்தவர்களுக்கு இந்த மூன்று சொல்லின் பலம் தெரியும். பனியில் தலையில் துண்டு இல்லாமல் நின்றால் பிடிக்கும், ஃபேனுக்கு நேர் கீழே படுத்தால் பிடிக்கும், குளித்த உடனே வெளியே போனால் பிடிக்கும். அது மூக்கு வழியாக மட்டும் பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என் அறியாமை.

"மணிக்கட்டுலதானே தடவச் சொன்னேன்?"

"நிஜ மருந்து மாதிரியே நடந்துக்கன்னும் சொன்னியே. நான் நடந்துக்கிட்டேன்."

மற்ற நால்வரையும் கேட்டேன். ஒருத்தி டிவி பெட்டியின் மேல் வைத்து வெதுவெதுப்பாக்கியிருந்தாள். ஒருத்தி அடுப்புப் பக்கத்தில். ஒருத்தி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்திருந்தாள். நான்காமவள் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு சமையலை முடித்திருந்தாள். யாரும் யாரையும் கேட்காமல், ஐந்து பேரும் ஒரே காரியத்தைச் செய்திருந்தார்கள். நாங்கள் ஃப்ரிட்ஜை மட்டும் யோசித்தோமே தவிர, ஃப்ரிட்ஜுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு வங்காளப் பெண் இருப்பதை யோசிக்கவில்லை.

கைடிடம் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்கு நேரமானது. பிறகு, "குளிர்ச்சியாகவே பயன்படுத்தவும் என்று தடித்த எழுத்தில் அச்சடித்து ஒட்டுவோம். படித்தால் கேட்பார்கள்" என்றார்.

"சார், நீங்க கேப்பீங்களா?"

அவர் நவம்பர் முதல் வாரமே மஃப்ளர் சுற்றிக்கொண்டு வருகிறவர். காது சிவந்துவிட்டது. "சீட்டு இருக்கட்டும்" என்றார்.

சீட்டு அச்சாகி வந்தது. 'ஃப்ரிட்ஜில் வைக்கவும். குளிர்ச்சியாகவே பயன்படுத்தவும்.' வங்காளத்திலும் ஆங்கிலத்திலும். அதை நான் ஒழுங்காக ஒட்டினேன், ஆனால் அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெண்களைத் திருத்துவதைவிட ஜெல்லைத் திருத்துவது சுலபம் என்று சொன்னேன். கல்கத்தாவின் கோடைச் சூட்டில் தண்ணீராகவே இருந்து, உடம்புச் சூட்டில் மட்டும் உறைய வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் ஃப்ரிட்ஜே வேண்டாம், குளிர் பயமும் வேண்டாம். ஆனால் முப்பத்து நான்குக்கும் முப்பத்தேழுக்கும் நடுவில் இருக்கும் இடம், லேடீஸ் ட்ராமில் மிச்சமிருக்கும் ஸீட் அளவுதான்.

"எண்ணெயை எடுத்துவிட்டால் சுலபம், திதி" என்றார் கைடு. "கடையில் இருக்கும் மருந்தையே போடுவோம். அது உறையும் சூட்டை மாற்றாது. உங்களுக்குப் பதிவுக் காலம் முடியப்போகிறது. இருபதாம் தேதி மாலைக்குள் எண்ணெயோடு ஒரு சீசா சரியாக உறைந்தால் எண்ணெய். இல்லையென்றால் எண்ணெய் இல்லாமல்."

நியாயமான பேச்சு. அதனால்தான் வலித்தது. ஐந்து வருட வெற்றிலை.

அந்தப் பாலிமருக்கு ஒரு தம்பி உண்டு. அதே குடும்பம், குணம் நிதானம். அதைச் சேர்த்தால் உறையும் சூடு மேலே போகும். அதிகம் சேர்த்தால் ஒருபோதும் உறையாது. திங்கட்கிழமை, தம்பியை மூன்று அளவில் சேர்த்து மூன்று சீசா செய்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதி, சீட்டும் ஒட்டி, கல்லூரி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை செய்ய வேண்டியது ஒன்றுதான்: சூட்டை டிகிரி டிகிரியாக ஏற்றும் தண்ணீர்த் தொட்டியில் அவற்றை நிறுத்தி, ஒவ்வொரு டிகிரிக்கும் சாய்த்துப் பார்ப்பது.

தொட்டியின் ஸ்விட்சைப் போட்டேன். பின்கட்டிலிருந்து பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கல்லூரி முழுக்க ஃபேன்கள் மெதுவாக நின்றன. ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது, நாளை மாலைக்கு முன்னால் கரண்ட் வராது என்று ஆள் வந்து சொன்னார்.

கைடு நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார். "எண்ணெய் இல்லாத பக்கங்கள் தயாராகத்தானே இருக்கின்றன, திதி?"

"இருக்கு சார். ஆனா சாயங்காலம்னு சொன்னீங்க. இன்னும் மதியமே ஆகலை. எங்க வீட்டுல கரண்ட் இல்லாமலே பாத்துடலாம். நாலு மணிக்கு வாங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தயிர்சாதத்தை அப்போதே சாப்பிட்டேன். ஃப்ளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு கான்டீனுக்குப் போனேன். அங்கே இருந்த ஒரே ஐஸ், மீன் வைக்கும் ஐஸ். அதை வாங்கி நிரப்பி, மூன்று சீசாக்களையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி உள்ளே இறக்கினேன். அந்த ஃப்ளாஸ்க்கில் எங்கள் வீட்டில் பிறகு யாரும் எதையும் சாப்பிடவில்லை.

ஊர் திரும்பியதும் நேராக எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பௌதியின் வீட்டு வராந்தா எங்களுடையதைவிட அகலம், ஆற்றைப் பார்த்தது. நிழலில் தெர்மாமீட்டரை மாட்டினேன். முப்பத்து நான்கு. மூன்று சீசாக்களையும் எடுத்து மேஜையில் வைத்தேன். கப்பல் பட்டறையின் கிரேன்கள் அசையாமல் நின்றன. நானும் பௌதியும் விசிறியோடு உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் ஒன்றாம் எண் கலங்கிக் கெட்டியானது. சாய்த்தேன், நகரவில்லை. வராந்தாவிலேயே உறைந்துவிட்டது. அது தோற்றது. இரண்டும் மூன்றும் தண்ணீராகவே இருந்தன.

நாலரை மணிக்குக் கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கைடு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். அதற்குள் நான் வாணலியில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, தெர்மாமீட்டரை மாற்றி நட்டு, இரண்டாம் எண்ணை அதில் நிறுத்தியிருந்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"திதி, இந்தப் பக்கம் முப்பத்தாறு, அந்தப் பக்கம் முப்பத்தொன்பது. வாணலித் தண்ணீர் ஒரே சூட்டில் நிற்காது. நாளைக்கு முதல் கேள்வியே இதுதான் வரும்."

அவர் சொன்னது உண்மை. தண்ணீரைக் கலக்கினேன், ஆறியது. சுடுதண்ணீர் சேர்த்தேன், எகிறியது. பௌதி இதையெல்லாம் முறத்தில் பொரி புடைத்துக்கொண்டே பார்த்திருந்தார்.

"உனக்கு எந்தச் சூடு வேணும்?"

"உடம்புச் சூடு, பௌதி."

"அதுக்கு எதுக்கு வாணலி? உடம்பு இங்கயே இருக்கே!"

சொல்லிக்கொண்டே இரண்டாம் எண்ணைத் துடைத்து எடுத்து, மறுபடி ஐஸில் ஒரு முக்கு முக்கி, வராந்தாவில் தண்ணீராகத்தான் நிற்கிறது என்று எனக்கே காட்டிவிட்டு, காய்ச்சல் பார்க்கிற மாதிரி ரவிக்கைக்குள் அக்குளில் வைத்து இடுக்கிக்கொண்டார். கைடு சட்டென்று ஆற்றின் பக்கம் திரும்பி, கிரேன்களை எண்ண ஆரம்பித்தார்.

"சிரிக்காதீங்க பௌதி, சீசா நழுவும்" என்றேன்.

"நீ அந்தப் பையன் முதுகைப் பாக்காம இரு, நான் சிரிக்காம இருக்கேன்."

சில நிமிடம் கழித்து எடுத்தார். நான் வாங்கித் தலைகீழாகப் பிடித்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் உதறினேன். கண்ணாடிக்குள் கண்ணாடி போல அப்படியே நின்றது.

"ஓ மா!" என்றார் பௌதி. "இது என் சூட்டுக்கா?"

மூன்றாம் எண்ணை நான் வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் வைத்தும் அது தண்ணீராகவே இருந்தது, தம்பி அதிகமாகிவிட்டான். ஆக, இரண்டாம் எண். அதை ஐஸில் வைத்தேன், உருகியது. வராந்தாவில் வைத்தேன், தண்ணீராகவே நின்றது. கைடிடம் நீட்டினேன்.

"நானா?"

"சார், ஒரே ஆள்கிட்ட பாத்தது போதாதுன்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க?"

அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிச் சீசாவை உள்ளே விட்டார். பௌதி அதட்டினார்: "கையை நல்லா இறுக்கு! இப்படி வெச்சா எந்த டாக்டர் ஒத்துப்பான்?" அவர் இறுக்கினார். நேரம் போகவேண்டுமே என்று பௌதி பொரியில் பச்சைமிளகாயும் கடுகெண்ணெயும் கலந்து ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார். கைடு இடது கையால் சாப்பிட முடியாமலும் வலது கையைத் தளர்த்த முடியாமலும் தவித்தார். அவரிடம் நீட்டுவதற்கு முன்பே இரண்டாம் எண்ணிலிருந்து கொஞ்சத்தை நான் இரண்டு சின்னக் குப்பிகளில் பிரித்திருந்தேன்; ஒன்றைப் பௌதியும் ஒன்றை நானும் வைத்துக்கொண்டோம்.

இந்தக் கோலத்தில்தான், மூன்று பேரும் ஒரு கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, பேங்கிலிருந்து திரும்பிய என் கணவர் எதிர் வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன, மாடி முழுக்க ஜுரமா?"

பௌதிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் முதலில் சிரித்தவர் அவர்தான். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. கைடு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் சீசாவை எடுத்து, தானே தலைகீழாகப் பிடித்தார். உறைந்திருந்தது. என்னுடையதும். பௌதியுடையதும். கணவரையும் விடவில்லை, டையைக் கழற்றச் சொல்லி, ஐஸில் உருக்கி அவருக்கும் ஒன்று. "லோன் கேட்டு வந்தவங்ககூட என்னை இவ்வளவு சோதிச்சதில்லை" என்று முனகினார். அவர் சூட்டிலும் உறைந்தது.

கைடு சீசாவை இன்னொரு முறை கவிழ்த்துப் பார்த்தார். விரலை முகர்ந்து பார்த்தார், வெற்றிலை வாசனை.

"சரியான டிகிரியைக் கரண்ட் வந்ததும் தொட்டியில் பார்த்து எழுதிவிடுங்கள். நாளைக்கு இதை அப்படியே சொல்லுங்கள், திதி. வராந்தா, நான்கு உடம்பு, எல்லாம். எண்ணெய் இருக்கட்டும்."

நான் சரி சார் என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை. பௌதி என் முதுகில் ஓங்கித் தட்டியது நினைவிருக்கிறது.

கைடு படியிறங்கிப் போனதும் பௌதி ஒரு குப்பியை மெதுவாக மடியில் செருகுவதைப் பார்த்துவிட்டேன்.

"குடுங்க பௌதி. இது மருந்தாக இன்னும் நிறைய நாள் ஆகும். சோதனை, அனுமதி எல்லாம் இருக்கு. யார் மேலயும் இப்போ போடக்கூடாது."

"நான் போறதுக்குள்ள கடைக்கு வருமா?"

"தெரியாது பௌதி."

"வந்தா, கடைக்காரன் சத்தம் போடாம குடுக்கற மாதிரி ஒரு பேர் வை." குப்பியைத் திருப்பிக் கொடுத்தார். "அப்புறம், நான் வெந்நீர்ல வெச்சதாலதான் இது சரியாச்சுன்னு நாளைக்குச் சொல்லணும்."

சொல்வதாக ஒப்புக்கொண்டேன். அன்றைய டைரியில் சூடு, நேரம், சீசா எண் எல்லாவற்றையும் எழுதி, கடைசி வரியில் 'எதிர் வீட்டில் பொரி, நான்கு பேர்' என்று குறித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தேன். வாளிகளைக் கழுவுவதற்கும் காபிக்கும் முன்னால், முதல் வேலையாக, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து இரண்டாம் எண் சீசாவை அதில் நனைத்து, 'குளிர்ச்சியாகவே பயன்படுத்தவும்' என்ற சீட்டை விரல் நகத்தால் ஓரத்திலிருந்து முழுதாகச் சுரண்டி எடுத்தேன்.